கேப் டவுனில் சுடுமண்ணும் ஊடுபால் உடலும்: இரண்டு கூடம், ஒரு கடை, ஒரு மதிப்பீடு

‘ஊடுபால் கலை’ என்று பலகை மாட்டிய அறையைத் தேடித் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆண், பெண் என்ற இரண்டு அச்சுக்குள் அடங்காமல் பிறக்கும் உடலைக் களிமண்ணால் எப்படிச் சொல்ல முடியும், எங்கே சொல்ல முடியாமல் போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் இதைவிட வசதியான ஊர் கிடையாது. துறைமுகத்தை ஒட்டிய சைலோ வட்டாரத்தில் சைட்ஸ் மோகா என்ற சமகால ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அதே வட்டாரத்தில் சதர்ன் கில்ட் கேலரி. சிறிது தூரம் காரில் போனால் உட்ஸ்டாக்கில் இமிசோ என்ற சுடுமண் கடை. ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிடலாம். எங்கள் கணக்கில் கேலரிக்கு முதலிடம், கடைக்கு இரண்டாமிடம். அருங்காட்சியகம் மூன்றாவதுதான். ஏன் என்று கீழே விவரமாக.

எதை வைத்து மதிப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் இந்த வரிசைக்கே பொருள் இருக்காது. இன்டர்செக்ஸ் எனப்படும் ஊடுபால் நிலையில் குரோமோசோம், பாலினச் சுரப்பி, ஹார்மோன், பிறப்புறுப்பு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ வழக்கமான ஆண் அமைப்பிலோ பெண் அமைப்பிலோ முழுசாகப் பொருந்தாமல் பிறவியிலேயே அமைந்திருக்கும். திருநங்கை, திருநம்பி என்பது வேறு விஷயம். அங்கே பேச்சு பாலின அடையாளத்தைப் பற்றியது. மக்கள்தொகையில் 0.05 முதல் 1.7 சதவீதம் வரை ஊடுபால் உடையோர் இருக்கலாம் என்று ஐ.நா. ஆவணங்கள் மேற்கோள் காட்டுகின்றன. எந்தெந்த மாறுபாடுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் ஏறி இறங்கும். இவர்களுடைய முதல் குறை ‘எங்களை யாரும் அழகாகச் சித்திரிக்கவில்லை’ என்பது கிடையாது. நினைவு தெரியாத வயதில், அவசரத் தேவை ஏதும் இல்லாமலே, உடலை ஒரு பக்கமாகத் ‘திருத்தும்’ அறுவைசிகிச்சை. அதைப் பற்றி வீட்டிலும் மருத்துவமனையிலும் வாய் திறக்காத வழக்கம். மாணவர்கள் சுற்றி நிற்க எடுக்கப்பட்ட மருத்துவப் புகைப்படங்கள். குறைகள் இவைதான்.

ஆகவே ஒரு சிலைக்கு மார்பும் தாடியும் சேர்த்து வைத்துவிட்டால் அது ஊடுபாலைச் சொன்னதாக ஆகிவிடாது. அது இருபாலும் கலந்த தெய்வ வடிவம். உலகெங்கும் உண்டு, ஆப்பிரிக்காவிலும் பழையது. மாலியின் டோகோன் நாட்டிலிருந்து போய்ப் பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் நிற்கும், ஒரு கையை உயர்த்திய பழைய மரச்சிலையில் தாடியும் மார்பும் சேர்ந்தே இருக்கின்றன. அபாரமான சிலை. ஆனால் அதில் ஒரு குழந்தையின் மருத்துவக் கோப்பு இல்லை. சமகாலக் கலைஞர் யாராவது இந்தப் பொருளைத் தொட்டால் நாங்கள் பார்ப்பது மூன்று விஷயம்: வெட்டு எங்கே இருக்கிறது, ஒட்டு எங்கே இருக்கிறது, யார் பார்வையில் அந்த உடல் நிற்கிறது.

கேப் டவுனைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆப்பிரிக்காவின் ஊடுபால் இயக்கத்துக்கு இது தாய்வீடு மாதிரி. நிறவெறி எதிர்ப்புப் போராளியாகவும், ஒரு காலத்தில் டொமினிக்கன் சபைத் துறவியாகவும் இருந்த சாலி கிராஸ் (1953–2014) இந்த ஊர்க்காரர். அவர் தொடங்கிய ‘இன்டர்செக்ஸ் சவுத் ஆஃப்ரிக்கா’ அமைப்பின் முயற்சியால்தான், தென்னாப்பிரிக்கச் சமத்துவச் சட்டத்தில் ‘பால்’ என்பதற்கான விளக்கத்துக்குள் ஊடுபாலும் அடங்கும் என்று 2005-இல் திருத்தம் வந்தது. பாகுபாட்டுக்கு எதிரான காப்பு அது. கத்திக்கு எதிரான தடை இல்லை. (குழந்தைகளுக்கு இந்த அறுவைசிகிச்சை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் சொன்னதும், அதே ஆண்டு ஆகஸ்டில் உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர மற்றவற்றுக்குத் தடை விதித்துத் தமிழக அரசு ஆணையிட்டதும் நம்மவர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த ஒரு விஷயத்தில் நாம் முந்திக்கொண்டோம்.)

சைட்ஸ் மோகாவில் தொடங்கலாம். 1920-களில் கட்டிய தானியக் களஞ்சியம் அது. 33 மீட்டர் உயரத்துக்கு 42 கான்கிரீட் குழாய்கள் நெருக்கியடித்து நின்ற இடத்தை, தாமஸ் ஹெதர்விக் குழுவினர் உள்ளிருந்து அறுத்துக் கூடமாக்கி, 2017 செப்டம்பரில் திறந்தார்கள். ஒரு சோள மணியின் வடிவத்தைப் பெரிதாக்கி அந்த அளவில் உள்ளே வெட்டியிருக்கிறார்கள். குழாய்களின் அறுபட்ட விளிம்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளிப்புறச் சொரசொரப்பு அப்படியே இருக்க, வெட்டிய முகம் மட்டும் வழவழவென்று தேய்த்து முடிக்கப்பட்டிருக்கிறது. வெட்டை மறைக்காத வேலை. நாங்கள் சொன்ன மூன்றில் முதல் கேள்விக்கு இந்தக் கட்டடமே நல்ல பதில் வைத்திருக்கிறது.

திறப்பின்போது இந்த நடுக்கூடத்தில் தொங்கியது நிக்கோலஸ் ஹ்லோபோவின் பிரம்மாண்டமான பறவை. லாரி, கார் டயர்களின் உள் ட்யூபை அறுத்து, சாட்டின் ரிப்பனால் தைத்துச் செய்தது. ஆண்மைக்கு அடையாளமாக நினைக்கப்படும் கறுப்பு ரப்பரும், பெண்மைக்கென்று ஒதுக்கிவைத்த ரிப்பனும் ஒரே உடம்பில் சேர்கின்றன. ஹ்லோபோ பேசுவது கோசா இன ஆண்மையையும் தன்பாலீர்ப்பையும். ஊடுபாலை அவர் கையில் எடுத்ததாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் அவருடைய தையல் எங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாடமாகிறது. தையல் மேலே தெரிகிறது, வண்ணத்தில் இருக்கிறது, வெட்கப்படவில்லை. நந்திபா ம்ன்டாம்போவின் மாட்டுத்தோல் உருவங்களும் இந்தப் பேச்சில் சேரும். ஈரத்தோலைத் தன் உடலில் எடுத்த அச்சின்மேல் இழுத்துக் கட்டிக் காயவைப்பார். உள்ளே ஆளில்லாத ஓர் உடல் நிற்கும். கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருப்பதால் போகும் நாளில் இவர்களுடைய படைப்பு வெளியே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை என்ன? இங்கே ஓவியம், புகைப்படம், துணி, வீடியோவுக்குக் கிடைக்கும் இடம் சுடுமண்ணுக்குக் கிடைப்பதில்லை. மண்ணுக்காக மட்டும் வருபவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இங்கே செலவழிக்க வேண்டாம்.

சதர்ன் கில்ட் அப்படியில்லை. 2008-இல் தொடங்கிய இந்த கேலரியின் முதுகெலும்பே களிமண்தான். உள்ளே போகக் கட்டணம் இல்லை. வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று யாரும் மேலும் கீழும் பார்க்க மாட்டார்கள். விலை எழுதி ஒட்டியிருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள். உயர்மட்ட கேலரிகளின் ஊரறிந்த பழக்கம், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவர்களுடைய கலைஞர்களில் மூவரைக் கவனிக்கலாம். ஆண்டிலே ட்யால்வானே, சிசிஃபோ போஸ்வா, மடோடா ஃபானி. போஸ்வாவின் உருவங்கள் ஆளுயரத்தையும் தாண்டுபவை. கோசாப் பெண்கள் தலையில் சுமக்கும் சுமை, சிகை அலங்காரம், மணப்பரிசு, நகைகள் என்று தொடர் தொடராகச் செய்திருக்கிறார். களிமண்ணைக் கயிறாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி ஏற்றும் முறை. உருண்ட வயிறு, அதன்மேல் கொம்பு, அதன்மேல் இன்னொரு உருண்டை. தலைப்பை எடுத்துவிட்டால் அது எந்தப் பால் என்று சொல்ல உங்களால் முடியாது. தலைப்பு வந்ததும் பெண்ணாகிவிடுகிறது. இதைப் போஸ்வாவின் குறையாகச் சொல்லவில்லை. தன் ஊர்ப் பெண்களைப் பெருமைப்படுத்துவதுதான் அவருடைய நோக்கம், அதில் அவருக்கு வெற்றி. ஊடுபால் பற்றி யோசித்துக்கொண்டு வருபவருக்கு மட்டும் இங்கே ஒரு விஷயம் பளிச்சென்று புரியும். மண் தானாக ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பதிவேட்டில் எழுதுகிறவர்தான் ஆக்குகிறார்.

இனி மண்ணின் தொழில்நுட்பம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் எந்தக் கலைஞர் பொருளை உள்வாங்கிச் செய்கிறார், யார் மேலோட்டமாகச் செய்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஊடுபால் என்றதும் கலைக்கல்லூரி மாணவர்கள் பலர் முதலில் செய்வது பாதி-பாதி உருவம். ஒரு பாதி செம்மண், மறுபாதி வெள்ளைப் பீங்கான் மண், நடுவே ஒரு கோடு. யோசனை எளிது. சூளையில் வைத்ததும் குட்டு வெளிப்படும். செம்மண் 1000 முதல் 1100 டிகிரி செல்சியஸில் பதமாகும். பீங்கான் மண்ணுக்கு 1250-க்கு மேல் வேண்டும். 1050-இல் நிறுத்தினால் செம்மண் பாதி கெட்டிப்படும், பீங்கான் பாதி சாக்பீஸ் போல உதிரும் நிலையிலேயே நிற்கும். 1250-க்கு ஏற்றினால் செம்மண் உப்பி, கொப்புளித்து, சரிந்துவிடும். சுருக்கமும் ஒத்துப்போகாது. ஈரநிலையிலிருந்து சுட்டு முடியும்வரை செம்மண் ஆறேழு சதவீதம் சுருங்கினால், பீங்கான் 12-ஐத் தாண்டலாம். இரண்டும் இழுக்கும் இழுப்பில் நடுக்கோடு விரிசல் விடாமல் தப்பிப்பது அபூர்வம். பசை வைத்து ஒட்டித்தான் காட்சிக்கு வைக்க வேண்டியிருக்கும்.

அனுபவமுள்ளவர் இதை வேறு விதமாகச் செய்வார். ஒரே மண்ணை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பங்குக்கு மட்டும் உலர் எடையில் 3 முதல் 5 சதவீதம் சிவப்பு இரும்பு ஆக்சைடு கலந்து நிறத்தை மாற்றுவார். இரண்டையும் ஒரே ஈரப்பதத்தில் வைத்து, அடுக்கி, மடித்துப் பிசைவார். நிறம் வரிவரியாக உடல் முழுக்க ஓடும். சுருக்கம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் பிளக்காது. இது சூளைக்கும் சரி, உடற்கூற்றியலுக்கும் சரி. கருவில் ஆறேழு வாரம் வரை எல்லாருடைய பாலினச் சுரப்பியும் ஒரே திசுதான். அதற்குப் பிறகு ஜீன்களும் ஹார்மோன்களும் போகும் வழியில்தான் வேறுபாடு வருகிறது. இரண்டு உடல்களைப் பாதியாக வெட்டி ஒட்டியது இல்லை ஊடுபால். ஆகவே கேலரியில் பாதி-பாதி உருவம் எதையாவது பார்த்தால் ஒட்டுக்கோட்டை நெருங்கிப் பாருங்கள். பசை தெரிந்தால் அந்தக் கலைஞர் மண்ணையும் படிக்கவில்லை, பொருளையும் படிக்கவில்லை.

மூடிய உருவங்களைப் பார்க்கும்போது ஊசித் துளையைத் தேடுங்கள். உள்ளே காலியான, வாய் இல்லாத உருவம் செய்தால் எங்காவது ஒரு துளை விட்டாக வேண்டும். உள்ளே மாட்டிய காற்றுதான் வெடிக்க வைக்கிறது என்று பலர் சொல்வார்கள். உண்மையான எதிரி ஈரம். சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்து, உள்ளே ஈரம் மிச்சமிருந்தால், 100 டிகிரியைத் தாண்டும்போது அது நீராவியாகி வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிய்த்துக்கொண்டு வரும். அதனால்தான் பெரிய உருவங்களை 80, 90 டிகிரியில் இரவு முழுக்க வைத்திருந்து உலர்த்துகிறார்கள். குளிரும்போது 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் அளவு மாறும். அங்கே அவசரப்பட்டால் மயிரிழை விரிசல். நல்ல கலைஞர் துளையை அடியில் ஒளிக்காமல், உருவத்தின் பொருளோடு சேர்த்தே வைப்பார். மௌனத்தைப் பற்றிய படைப்பில் அந்தத் துளை எங்கே இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

மடோடா ஃபானி இந்த கேலரியில் எங்களுக்கு அதிகம் பிடித்தவர். கேப் டவுனின் குகுலேது பகுதியில் பிறந்தவர். கயிறடுக்கு முறையில் கட்டி, மேற்பரப்பை மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றி, பூச்சியின் ஓட்டைப் போலச் செதில் செதிலாகச் செதுக்கி, கடைசியில் புகையூட்டிக் கறுப்பாக்குகிறார். கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சு பூசுவதில்லை. தேய்த்த மெருகு 1000 டிகிரிக்கு மேல் போனால் மங்கிவிடும், அதனால் முதல் சூட்டை அதற்குக் கீழேயே நிறுத்த வேண்டும். அடுத்து மரத்தூள், காகிதம் போன்றவற்றின் புகையில் வைத்தால் கரி மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கும். புகை ஒரே சீராகப் படியாது. ஓரிடம் கரி, ஓரிடம் சாம்பல், ஓரிடம் பழுப்பு. சரிசெய்யலாம் என்று மறுபடி சூளையில் ஏற்றினால் கரி எரிந்து போய் உள்ளதும் போய்விடும். சூளை தந்த நிறத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும் இந்த வேலைமுறை, ‘திருத்தாதே’ என்று கேட்கும் உடலுக்கு நிறைய நெருக்கமானது. ஃபானி அதைச் சொல்லிச் செய்யவில்லை. சொல்லிச் செய்கிறவர்கள் இவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வி, பார்வை. இதில் கேப் டவுனுக்கு ஓர் இருண்ட வரலாறு உண்டு. ஜேம்ஸ் ட்ரூரி என்ற அருங்காட்சியக ஊழியர் 1907-இலிருந்து 1924 வரை இந்த மண்ணின் பூர்வகுடிகளான கோய்சான் மக்களின் உயிருள்ள உடல்களில் பிளாஸ்டர் அச்சு எடுத்தார். அவற்றை வைத்து அமைத்த காட்சிப் பெட்டி, இன்று இசிகோ என்ற அருங்காட்சியகக் குழுமத்தின் குடையின் கீழ் இருக்கும் தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்தில் 2001-இல்தான் மூடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்சிப்பொருளாக்கப்பட்ட கோய்சான் பெண் சாரா பார்ட்மனின் உடல் அச்சும் எலும்பும் பாரிஸில் 1970-கள் வரை காட்சிக்கு இருந்தன. அவருடைய எச்சங்கள் 2002-இல்தான் ஊர் திரும்பின. வில்லி பெஸ்டர் பழைய இரும்புத் துண்டுகளால் செய்த சாரா பார்ட்மன் சிலைக்கு, கேப் டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் மாணவர்கள் துணி போர்த்தினார்கள். சர்ச்சை முற்றி, சிலையே பின்னர் அங்கிருந்து அகற்றப்பட்டது. கலைஞரின் நோக்கம் நல்லதுதான். மறுபடியும் அம்மணமாக நிற்பது யார் என்பதுதான் மாணவர்களின் கேள்வி.

இந்த ஊரில் ஊடுபால் பற்றிய நிறுவல் (இன்ஸ்டலேஷன்) ஒன்றில் உயிருள்ள உடலில் எடுத்த பிறப்புறுப்பு அச்சைப் பார்த்தால் நாங்கள் பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுத்தான் மேலே பார்ப்போம். அச்சுக்கு உடல் கொடுத்தவரே கலைஞராக இருந்தால் கதை வேறு. பிறர் உடல் என்றால், ஒப்புதல் எப்படி வாங்கினார்கள், பின்னால் வேண்டாம் என்றால் படைப்பைத் திரும்பப் பெற முடியுமா என்று கேலரியில் கேளுங்கள். 2017 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய ஆப்பிரிக்க ஊடுபால் இயக்கத்தினர் வெளியிட்ட அறிக்கையில், உடலைச் சிதைக்கும் சிகிச்சைகளும், நம்பிக்கையின் பெயரால் நடக்கும் குழந்தைக் கொலைகளும் நிற்க வேண்டும் என்றார்கள். தங்களைப் பற்றிய பேச்சில் தாங்களே முன்நிற்க வேண்டும் என்பதும் அவர்கள் நிலைப்பாடு. கேலரிக் குறிப்பட்டையில் கலைஞரின் பெயர், மண்வகை, ஆண்டு மூன்றும் இருந்து, அந்த உடலுக்குரியவரின் சொல் ஒரு வரிகூட இல்லையென்றால் அந்தக் கண்காட்சி பாதி வேலைதான் செய்திருக்கிறது.

இமிசோவுக்கு வருவோம். உட்ஸ்டாக்கில், பழைய பிஸ்கட் ஆலை வளாகத்துக்குள் இருக்கிறது. ட்யால்வானேவும் போஸ்வாவும் சேர்ந்து தொடங்கியது. கேலரியில் ஒரு சிற்பத்துக்குக் கொடுக்கும் விலையை நினைத்தே பார்க்க முடியாதவர்கள் அதே கைகளின் மொழியைக் கோப்பையாகவும் கிண்ணமாகவும் வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் சிபாரிசு செய்வது தழும்பு வரிசை எனத்தக்க, கீறல் போட்ட பாத்திரங்களை. ஆப்பிரிக்க மரபில் உடலில் கீறித் தழும்பேற்றும் வழக்கத்திலிருந்து ட்யால்வானே எடுத்த யோசனை. பாதி காய்ந்த பதத்தில் கிண்ணத்தின் சுவரைச் சின்னச் சின்னதாகக் கீறி விட்டிருக்கிறார்கள். விரலை ஓட்டினால் ஒவ்வொரு கீறலின் உதடும் தனித்தனியாகத் தட்டுப்படும். மரபுத் தழும்பு ஊரறிய, குலம் சொல்ல, நாலு பேர் கூடிப் போட்டது. ஊடுபால் குழந்தையின் தழும்பு யாரும் அறியாமல், குழந்தைக்கே தெரியாமல் போட்டது. கிண்ணம் முதலாவதைப் பற்றியது மட்டுமே. இரண்டாவதை நினைத்துக்கொண்டு கையில் எடுப்பது உங்கள் விருப்பம்.

வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கையில் நிறுத்தி விரல் நகத்தால் சுண்டினால் கணீரென்று நீண்ட ஒலி வர வேண்டும். மொத்தென்று அடங்கினால் எங்கோ விரிசல். கீறல் போட்ட பாத்திரத்தில் பலவீனம் கீறலின் இரண்டு நுனியில் இருக்கும். கூர்மையாக முடிந்த நுனியிலிருந்துதான் விரிசல் ஓடத் தொடங்கும். நல்ல வேலையில் அந்த நுனியை ஈரத் தூரிகையாலோ மழுங்கிய ஊசியாலோ உருட்டி அழுத்தியிருப்பார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கீறலுக்கு அப்பால் மயிரிழைக்கோடு போகிறதா பாருங்கள். அடியைத் திருப்பி மேசையில் வைத்து ஆட்டிப் பார்ப்பதும் அவசியம். கையால் செய்ததுதானே என்று கொஞ்சம் கோணலை மன்னிக்கலாம், தடதடவென்று ஆடுவதை மன்னிக்க வேண்டியதில்லை. குழம்பு, தயிர் வைக்கும் எண்ணமிருந்தால் உள்பக்கம் வழுவழுப்பாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கீறலுக்குள் புகுந்த எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பாஞ்சால் எடுக்க முடியாது, பழைய பல்துலக்கும் பிரஷ்தான் வழி. புகையூட்டிய பாத்திரத்தை எங்கு வாங்கினாலும் அதில் சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். ஊறும், மணக்கும். உலர்ந்த மென்துணியால் துடைத்து வைத்தால் போதும்.

பெரிய உருப்படியை ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் கழுத்தையோ விளிம்பையோ பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை அடியில், ஒரு கை வயிற்றில். பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை. உள்ளே குழிவான இடங்களில் மென்காகிதத்தை லேசாகத் திணிக்கச் சொல்லுங்கள், இறுக்கமாக அடைத்தால் அதுவே உடைத்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு நாமும் ஒரு நிறுவல் செய்யலாம் என்று கிளம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ங்கோசி-ஒமேஜே எசெமா, சின்னச் சின்னக் களிமண் இலைகளை ஆயிரக்கணக்கில் தொங்கவிட்டுக் காற்றில் ஒரு பானையையோ உருவத்தையோ உருவாக்குகிறார். எல்லைக்கோடே இல்லாத உடல். ஊடுபாலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எங்கள் கண்ணில் படவில்லை, அதனால் பலரும் இதைப் பின்பற்ற ஆசைப்படுவார்கள். கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். இலை ஒன்று 40 கிராம் என்றால் 2000 இலை 80 கிலோ. சாதாரணப் பொய்க்கூரை தாங்காது, கான்கிரீட் தளத்தில் கொக்கி அடித்து, மொத்த எடையைப் போல ஐந்து மடங்கு தாங்கும்படி சட்டம் அமைக்க வேண்டும். நைலான் நரம்பு பார்வைக்கு மறையும், ஆனால் நாளாக நாளாக நீளும். கிளேஸ் இல்லாத துளையின் விளிம்பு அதை ரம்பம் போல அறுக்கும். துளையைப் பச்சை மண்ணிலேயே இரண்டு பக்கமும் ஈர விரலால் உருட்டிவிடுங்கள். கனமான உருப்படிகளுக்கு 1.5 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி வடமும், துளைக்குள் சிறு சிலிக்கோன் குழாயும். நூறு இலைக்குப் பத்து இலை உபரியாகச் சுட்டு வையுங்கள், மாட்டும்போதே உடையும்.

மதிப்பெண்: சதர்ன் கில்ட் ஐந்துக்கு நாலரை, கேட்காமல் விலை சொல்லாததற்கு அரை குறைந்தது. இமிசோ நாலு. சைட்ஸ் மோகா மண்ணுக்காக மட்டும் என்றால் மூன்று, கட்டடத்தையும் சேர்த்தால் நாலு. ஊடுபால் என்ற பொருளை நேருக்கு நேர் எடுத்துப் பேசியதற்கு என்று தனி மதிப்பெண் போட்டால் மூன்றுக்குமே பாஸ் மார்க் தாண்டாது. சாலி கிராஸின் ஊரில் இது கொஞ்சம் வருத்தமான கணக்குதான்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில விவரம். ஆப்பிரிக்க நாட்டுக் குடிமக்களுக்குப் புதன்கிழமை காலை இலவச அனுமதி என்ற வழக்கத்தை சைட்ஸ் மோகா திறந்த காலத்திலிருந்தே வைத்திருக்கிறது. நேரத்தையும் மற்றவர்களுக்கான கட்டணத்தையும் போகும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள், மாறும். வெளிநாட்டவர் வாங்கும் பொருளுக்கு 15 சதவீத வாட் வரியைத் திரும்பப் பெறலாம். மொத்த மதிப்பு 250 ராண்டுக்கு மேல் இருக்க வேண்டும், வாங்கி 90 நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், பில்லில் வரி தனியாகத் தெரிய வேண்டும். 5000 ராண்டுக்கு மேல் என்றால் பில்லில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே பொருளைக் காட்டச் சொல்வார்கள், ஆகவே கிண்ணத்தைப் பிரித்துச் சுற்ற வசதியாகக் கட்டுங்கள். இமிசோவுக்குச் சனிக்கிழமை போகாதீர்கள். பிஸ்கட் ஆலை வளாகத்தில் அன்று சந்தை. தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் சுடுமண் பையோடு வெளியே வருவது பெரும்பாடு.